கேஸ் கிணறு: புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

பெட்ரோலியமோ புவியியலோ முடித்துவிட்டுத் திருவாரூர், குத்தாலம், நரிமணம் பக்கத்துக் கிணறுகளுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஒவ்வொரு வருடமும் அதே ஐந்தாறு தவறுகளைப் பார்க்கலாம். ஹெல்மெட், வால்வ் எண்ணிக்கை, ரிப்போர்ட்டில் தேதி மறப்பது போன்றவற்றைச் சூப்பர்வைசர் பார்த்துக்கொள்வார். பரீட்சையில் சரியாக எழுதியும் கிணற்றடியில் தப்பாகப் போகிறவை மட்டும் இங்கே.

ஊர்ப்பெயரை நம்பிப் பாறையைத் தேடுவது

டெல்டாவுக்கு அடியில் இருக்கும் அடுக்குகளுக்கெல்லாம் நம் ஊர்ப்பெயர்கள்தான். கீழிருந்து ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, குடவாசல், நன்னிலம். இன்னும் மேலே கமலாபுரம், நிரவி. சாத்தப்பாடி களிப்பாறையில்தான் எண்ணெயும் கேஸும் பெருமளவு உருவாயின. அவை வந்து தங்கியது மணற்கற்களில். நன்னிலம் அடுக்கு நன்னிலத்தோடு நின்றுவிடாது, புவனகிரி அடுக்கைப் பார்க்கப் புவனகிரிக்குப் போக வேண்டியதில்லை.

இந்தியா அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்த காலத்தில் இந்தத் தரை பிளந்து மேடும் பள்ளமுமாக இறங்கியது. கும்பகோணம்–மாதானம் மேட்டிலும் பட்டுக்கோட்டை–மன்னார்குடி மேட்டிலும் பழைய அடுக்குகள் மெலிந்திருக்கும், சில இடத்தில் இருக்கவே இருக்காது. இடையிலுள்ள தரங்கம்பாடி, நாகப்பட்டினம் பள்ளங்களில் அதே அடுக்குகள் தடித்துக் கிடக்கும். நடுவில் ஒரு பிளவு ஓடினால் பக்கத்துக் கிராமத்தில்கூட ஆழம் மாறிவிடும். அங்கே 2,000 மீட்டரில் கிடைத்ததே என்று இங்கே கேசிங் (கிணற்றுச் சுவரைத் தாங்கும் இரும்புக் குழாய்) திட்டம் போடாதீர்கள்.

ஆழம் என்றால் எந்த ஆழம்?

குழாய் நீளமா, செங்குத்து ஆழமா, ரிக் தளத்து ரோட்டரி டேபிளிலிருந்தா, கடல் மட்டத்திலிருந்தா? நாலில் எது என்று எழுதாத எண் எண்ணே அல்ல.

நன்றாக வருகிறது என்று சோக்கைத் திறந்துவிடுவது

இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். விவரம் தெரிந்தவர்களே சந்தோஷத்தில் செய்கிற தவறு.

சோக் என்பது கிணற்றுத் தலையில் வரத்தைக் கட்டுப்படுத்தும் துவாரம். அதன் அளவை அங்குலத்தில் 64-இல் ஒரு பங்காகச் சொல்வோம். 16 என்றால் கால் அங்குலம், 32 என்றால் அரை அங்குலம். விட்டம் இரண்டு மடங்கானால் துவாரத்தின் பரப்பு நாலு மடங்கு. டியூபிங் (கேஸ் மேலே வரும் உள்குழாய்) தலை அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 140 கிலோ இருக்கிற கிணறு 16-இல் நாளொன்றுக்குச் சுமார் 80,000 கன மீட்டர் தரும். அழுத்தம் அசையாமல் நின்றால் 32-இல் மூன்றரை லட்சத்தை நெருங்கும். திருமக்கோட்டையில் இருப்பது போன்ற 107 மெகாவாட் மின்நிலையம் முழு வேகத்தில் ஓட ஏறத்தாழ ஐந்து லட்சம் போதும். ஒரே கிணறு அதில் பாதிக்கு மேல் தரும்போல் தெரிந்தால் கை சும்மா இருக்குமா?

அழுத்தம் அசையாமல் நிற்காது. திறக்கத் திறக்கக் கிணற்றடியில் அழுத்தம் இறங்கும். மணற்கல்லில் கேஸுக்குக் கீழே தண்ணீர் இருந்தால் அது அந்த அழுத்தப் பள்ளத்தை நோக்கி ஏறும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர்வெல்லில் பெரிய மோட்டாரை இறக்கி உப்புத்தண்ணீரை வரவழைத்துக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். கீழேயும் அதே கதைதான்: தண்ணீர் கூம்பாக மேலெழுந்து பெர்ஃபரேஷனை (கேஸ் உள்ளே வரக் குழாயில் சுட்ட துளைகளை) தொடும்.

தொட்ட பிறகு சோக்கைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது அடுத்த தப்பு. தண்ணீர் புகுந்த பாறைத் துளைகளில் கேஸின் ஒரு பங்கு மாட்டிக்கொண்டு நகராது, மிச்சத்துக்கும் வழி குறுகிவிடும். வரத்து குறையும், குறைந்த வரத்தால் தண்ணீரைத் தூக்க முடியாது. 2⅞ அங்குல டியூபிங்கில், தலை அழுத்தம் 70 கிலோ இருக்கும்போது, தண்ணீரை மேலே கொண்டுவர நாளொன்றுக்குச் சுமார் 50,000 கன மீட்டராவது ஓட வேண்டும். அதற்குக் கீழே போனால் தண்ணீர் அடியில் சேரும். 500 மீட்டர் தண்ணீர் நின்றால் கேஸின் தலைமேல் 50 கிலோ பாரம். கிணறு மூச்சுவிட முடியாமல் நின்றுவிடும். அப்புறம் வொர்க்ஓவர் (பழுதுபார்க்கும்) ரிக், கீழ்ப் பெர்ஃபரேஷனை சிமெண்டால் அடைப்பது, மேலே புதிதாகச் சுடுவது, சிறிய டியூபிங், நுரை மருந்து என்று செலவு நீளும். பக்கத்திலேயே இன்னொன்று தோண்டிக்கொள்ளலாம் என்பதும் இப்போது நடக்காது. 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அதன் எல்லைக்குள் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்கிறது. கையில் இருப்பதைக் கெடுத்தால் கெட்டதுதான்.

செய்ய வேண்டியது: 12 அல்லது 16-இல் ஆரம்பித்து, ஒவ்வொரு படியிலும் நாலு மட்டும் கூட்டுங்கள். தலை அழுத்தம் நிலைத்த பிறகே அடுத்த படி. அடியில் கேஜ் (அழுத்தமானி) இருக்கட்டும். செப்பரேட்டரில் (கேஸையும் தண்ணீரையும் பிரிக்கும் கலன்) பிரியும் தண்ணீரில் குளோரைடையும், சோக்குக்கு முன்னால் மணலையும் ஒவ்வொரு படியிலும் பாருங்கள். கேஸோடு ஆவியாக வந்து குளிர்ந்த தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. பாறைத் தண்ணீர் வந்தால் அளவு ஆயிரக்கணக்கில் ஏறும். ஒரு பொறி இங்கே உண்டு: கிணற்றை முடிக்கும்போது உள்ளே விட்ட உப்புக்கரைசலும் முதலில் திரும்பி வரும், அதிலும் குளோரைடு கூடுதல்தான். பொட்டாசியம் குளோரைடு விட்டிருந்தால் பொட்டாசியத்தையும் அளந்து பாருங்கள். அது குறைந்துகொண்டே போய், குளோரைடு மட்டும் ஏறினால் நிறுத்துங்கள்.

தண்ணீரே இல்லாத இடத்திலும் அவசரம் உதவாது. டெல்டாவின் பல தேக்கங்கள் (கேஸ் தங்கியிருக்கும் பாறைகள்) பிளவுகளால் துண்டான சின்னப் பெட்டிகள். வேகமாக வருவது பாறை நன்றாக வழிவிடுகிறது என்பதற்குச் சாட்சி. எவ்வளவு இருக்கிறது என்பதற்கு அல்ல. சோதனை முடிந்ததும் கிணற்றை மூடிப் பாருங்கள். போதிய நேரம் கொடுத்தும் அழுத்தம் பழைய இடத்துக்கு ஏறவில்லை என்றால் பெட்டி சின்னது என்று சந்தேகப்படுங்கள், மின்நிலையத்துக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஏ.ஓ.எஃப். எண்ணை இலக்காக எழுதுவது

ஏ.ஓ.எஃப். (அப்சல்யூட் ஓப்பன் ஃப்ளோ) என்பது கிணற்றடி அழுத்தம் பூச்சியமானால் வரக்கூடிய கற்பனை வரத்து. நாலில் ஒரு பங்குக்கு மேல் கேட்காதீர்கள்.

சித்திரை வெயிலில் ஹைட்ரேட்டா என்று சிரிப்பது

வெளியே 38 பாகை இருந்தாலும் சோக்கைத் தாண்டி விரியும் கேஸ் சில்லிட்டுப் போகும், தண்ணீரும் மீத்தேனும் பனிக்கட்டிபோல் இறுகி லைனை அடைக்கும். சோக்குக்குப் பின்னால் குழாய் வியர்த்து, வெள்ளை படிந்து, வரத்து துடித்தால் ஹீட்டரோ மெத்தனாலோ உடனே. ஒரு பக்கம் மட்டும் அழுத்தத்தை இறக்கி அடைப்பைப் பிடுங்க நினைக்காதீர்கள். கட்டி குண்டாகப் பாயும்.

மூடிய கிணற்றின் அழுத்தத்தை மேலேயே படிப்பது

தலையில் 90 கிலோ காட்டுகிறது, தேக்கம் தீர்ந்துவிட்டது என்று எழுதுவார்கள். உள்ளே தண்ணீர் நின்றால் அந்த 90-க்கு அர்த்தமே வேறு. வயர்லைனில் (மெல்லிய கம்பி) கேஜை இறக்கி, 200 மீட்டருக்கு ஒரு நிறுத்தம் வைத்து அளந்துவாருங்கள். கேஸில் 100 மீட்டருக்கு ஒரு கிலோ அளவில்தான் கூடும், தண்ணீரில் 10 கிலோ. கோடு எங்கே ஒடிகிறதோ அதுதான் தண்ணீர் மட்டம். பெர்ஃபரேஷனுக்கு மேலே ஒடிந்திருந்தால் தேக்கத்தைப் பற்றி எதுவும் எழுதாமல், முதலில் காயில் டியூபிங்கும் (சுருளாக வரும் குழாய்) நைட்ரஜனும் வரவழைத்து அந்தத் தண்ணீரை வெளியே எடுங்கள்.