செல்லுலோஸ் படலம் நிறம் மாறினால் உடனே நம்பிவிடாதீர்கள்

செல்லுலோஸ் படலத்தைச் சூழலுக்கு ஏற்ப மாறும் பொருளாக ஆக்குவது பெரிய வித்தை இல்லை. பிறவியிலேயே அது அப்படித்தான். மழைக்காலத்தில் மரக்கதவு இறுகிக்கொள்வதற்கும் ஈரக்காற்றில் தாள் நெளிவதற்கும் காரணம் செல்லுலோஸ் நீராவியை உறிஞ்சி உப்புவதுதான். கடினம் வேறிடத்தில் இருக்கிறது: நாம் கேட்கும் ஒன்றுக்கு மட்டும் அது பதில் சொல்ல வேண்டும். மாணவர்களின் திட்ட அறிக்கைகளிலும், ஏன், சில ஆய்விதழ்க் கட்டுரைகளிலும்கூட, பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதிலிருந்துதான் தொடங்குகின்றன.

நிறம் மாறும் நானோபடிகப் படலத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பருத்தியையோ வெளுத்த மரக்கூழையோ எடைப்படி 64 சதவீதக் கந்தக அமிலத்தில், 45 டிகிரி செல்சியஸில், ஏறக்குறைய முக்கால் மணி நேரம் கிளறினால் செல்லுலோஸின் ஒழுங்கற்ற பகுதிகள் சிதைந்து, நானோமீட்டர் அளவிலான குச்சிப் படிகங்கள் மிஞ்சுகின்றன. நீரில் மிதக்கும் இந்தக் குச்சிகள் செறிவு கூடும்போது தாமாகவே அடுக்கடுக்காகப் படிகின்றன. ஒவ்வோர் அடுக்கும் முந்தையதிலிருந்து சற்றே திரும்பி, மொத்தமும் இடஞ்சுழிச் சுருளாகிறது. கனடாவின் மான்ட்ரியலில் ரெவோல், கிரே உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1992இல் இதை வெளியிட்டார்கள். தண்ணீர் வற்றிய பிறகும் சுருள் படலத்திலேயே தங்கிவிடும். சுருள் ஒரு முழுச் சுற்று சுற்ற எடுக்கும் நீளம்தான் புரியிடைத் தூரம். நேர்க்கோணத்தில் பார்த்தால் அதை ஒளிவிலகல் எண்ணால் (சுமார் 1.55) பெருக்கக் கிடைப்பதே எதிரொளிக்கும் அலைநீளம். 350 நானோமீட்டர் புரி என்றால் பச்சை. ஈரம் புகுந்து புரி விரிந்தால் நிறம் சிவப்பை நோக்கி நகரும். சாயம் எதுவும் இதில் இல்லை.

முதல் தவறு அமிலத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே நடக்கிறது. கந்தக அமிலத்துக்குப் பயந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் போகிறவர்கள் உண்டு. அதிலும் படிகம் கிடைக்கும், ஆனால் மேற்பரப்பில் சல்பேட் தொகுதிகள் ஒட்டாது. சல்பேட்டின் எதிர்மின்னூட்டம்தான் குச்சிகளைத் தள்ளித்தள்ளி நிறுத்துகிறது. அது இல்லாவிட்டால் குச்சிகள் கட்டிதட்டி அடியில் படியும், நிறத்தைக் கண்ணாலும் பார்க்க முடியாது. நானோநாரை வாங்கிவந்து நிறம் வரவில்லையே என்று கேட்பதும் இதே ரகம். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இசோகாய் குழு வளர்த்தெடுத்த ஆக்சிஜனேற்ற முறையில் கிடைக்கும் நானோநார்கள் கண்ணாடிபோல் தெளிந்த, உறுதியான படலம் தரும். அவை நீளமாக வளைந்து பின்னிக்கொள்வதால் இந்தச் சுருள் ஒழுங்கு வராது.

அடுத்தது, கழுவுவதில் காட்டும் அவசரம். கரைசலில் மிச்சமிருக்கும் அயனிகள் மின்னூட்டத்தை மறைத்துக் குச்சிகளை நெருங்கவிடும். புரி சுருங்கி, உலர்ந்த படலம் நீலப் பக்கம் போகும். உப்பு இன்னும் கூடினால் கரைசல் கூழாகி உறைந்து, நிறமே வராது. மீயொலிக் கருவியில் வைத்தால் இதற்கு நேர்மாறாகச் சிவப்புப் பக்கம் நகரும். எனவே 'மீயொலியில் சிறிது நேரம் வைத்தோம்' என்று எழுதிய செய்முறையை யாராலும் திரும்பச் செய்ய முடியாது. ஒரு கிராம் படிகத்துக்கு எத்தனை ஜூல் ஆற்றல் என்று எழுதுங்கள். டயாலிசிஸ் முறையில், அதாவது சவ்வுப் பையில் இட்டு நீரில் ஊறவைத்து, வெளிநீரின் மின்கடத்துதிறன் மாறாமல் நிற்கும்வரை கழுவுங்கள். நாள் கணக்கு வைத்துக் கழுவுவதில் பொருளில்லை.

உலர்த்துவதற்கு ரசமட்டம் வைத்துப் பார்த்த மேசை வேண்டும். பெட்ரி தட்டு சற்றே சாய்ந்திருந்தாலும் ஒரு பக்கம் தடித்து, நிறம் கோணலாக வரும். மூடாமல் மின்விசிறிக் காற்றில் வைத்தால் ஓரம் முதலில் காய்ந்து, திரவம் ஓரத்துக்கே ஓடி, வளையம் வளையமாக வெவ்வேறு நிறம் படியும். அதன்பின் 'பச்சைப் படலம்' என்று எழுதினால் எந்த வளையத்தைச் சொல்கிறீர்கள்? தட்டை மூடி மெதுவாக வற்றவிடுவதே மேல். சென்னையில் சித்திரை வெயிலில் உலர்த்தியதும் ஐப்பசி அடைமழையில் உலர்த்தியதும் ஒரே நிறத்தில் வரவேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆய்வகத்தின் அன்றைய ஈரப்பதம் குறிப்பேட்டில் இருக்க வேண்டும்.

நிறம் உண்மையிலேயே சுருளிலிருந்துதான் வருகிறதா என்பதைக் காசில்லாமல் சோதிக்கலாம். வட்டத் தளவிளைவு வகை முப்பரிமாண சினிமாக் கண்ணாடி ஒன்று போதும்; அது ஒரு கண்ணுக்கு இடஞ்சுழியாகவும் மறுகண்ணுக்கு வலஞ்சுழியாகவும் சுழலும் ஒளியை மட்டும் விடும். படலத்தைக் கறுப்புத் தாளின்மேல் வைத்து, கண்ணாடியை வழக்கம்போல் அணிந்து, ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் நிறம் ஒளிரும். மறுபக்கத்தில் கறுப்புத் தாளும் மேற்பரப்பின் வெறும் பளபளப்பும்தான் தெரியும். இடஞ்சுழிச் சுருள் இடஞ்சுழி ஒளியை மட்டுமே திருப்பியனுப்புவதால் இப்படி. இரண்டு கண்ணிலும் ஒரே நிறம் தெரிந்தால் அது சாயம் அல்லது மெல்லிய படலங்களில் வரும் குறுக்கீட்டு நிறம். நிறமாலைமானி கிடைக்கக் காத்திருக்கும் நாட்களில் இதையாவது செய்துவிடலாம்.

இனி எல்லாவற்றையும்விட அதிகமாக நடக்கும் தவறு. அடர் அம்மோனியாக் கரைசல் புட்டிக்கு மேலே படலத்தைப் பிடிக்கிறார்கள். நீலம் பச்சையாகிறது. 'அம்மோனியா உணரி' என்று தலைப்பு வைத்துவிடுகிறார்கள். கடையில் வாங்கும் அந்தக் கரைசலில் முக்கால் பங்கு தண்ணீர். புட்டிக்கு மேலே இருக்கும் காற்றில் அம்மோனியாவோடு நீராவியும் நிறைந்திருக்கிறது. படலம் எதற்குப் பதில் சொன்னது? பார்மலினிலும் இதே கதைதான், அதுவும் பார்மால்டிஹைடின் நீர்க்கரைசல். அதே ஈரப்பதமுள்ள, அம்மோனியா இல்லாத காற்றில் அதே படலத்தை வைத்து எடுத்த அளவீடு பக்கத்தில் இல்லாவிட்டால் அந்தக் கட்டுரையை மேற்கொண்டு படிக்க எனக்குப் பொறுமை இருப்பதில்லை. வெப்பமும் இப்படித்தான் ஏமாற்றும். சூடாக்கினால் காற்றின் ஒப்பு ஈரப்பதம் குறையும், படலம் காயும், நிறம் நீலத்துக்குத் திரும்பும். அதை வெப்ப உணரி என்று எழுதிவிடுகிறார்கள். தங்க நானோதுகள் கலந்து ஒளிக்கு வளையச் செய்யும் படலங்களில் ஒளி செய்வது பெரும்பாலும் சூடேற்றுவது. சூடு செய்வது ஈரத்தை விரட்டுவது.

ஈரப்பதத்தையே அளப்பது நோக்கம் என்றாலும், மூச்சை ஊதிக் காட்டுவது கண்காட்சிக்கு மட்டும் உதவும். மூச்சு வெதுவெதுப்பானது, ஏறக்குறைய நீராவியால் நிறைந்தது; அதில் எண் எதுவும் கிடைக்காது. நல்ல ஈரப்பத அறைக்குப் பணம் இல்லாவிட்டால் மூடிய ஜாடியில் தெவிட்டிய உப்புக் கரைசல் வையுங்கள். ஜாடிக் காற்றின் ஒப்பு ஈரப்பதத்தை உப்பே நிர்ணயிக்கும்: 25 டிகிரியில் லித்தியம் குளோரைடு 11 சதவீதம், மக்னீசியம் குளோரைடு 33, சமையல் உப்பு 75, பொட்டாசியம் சல்பேட் 97. அடியில் கரையாத உப்பு எப்போதும் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் கரைசல் தெவிட்டிய நிலையில் இல்லை. ஏறுமுகமாக மட்டும் அளந்துவிட்டு நிறுத்தவும் கூடாது. ஈரத்திலிருந்து காயும் செல்லுலோஸ், காய்ந்த நிலையிலிருந்து ஈரமாகும் செல்லுலோஸைவிட அதே ஈரப்பதத்தில் கூடுதல் நீரை வைத்துக்கொள்ளும். ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு வளைகோடுகள் வரும். இரண்டையும் காட்டாத உணரி பாதி உணரிதான்.

கோணத்தையும் கவனியுங்கள். ஈரம் பட்டால் படலம் வளையும். வளைந்த படலத்தைச் சாய்வாகப் பார்த்தால் நிறம் நீலத்தை நோக்கி நகரும். புரி விரிவதால் வரும் சிவப்பு நகர்வை இது பாதி தின்றுவிடும். ஓரங்களைச் சட்டத்தில் பிடித்து, ஒரே புள்ளியில், ஒரே கோணத்தில் அளக்க வேண்டும். கைபேசிப் படம் என்றால் வெள்ளைச் சமநிலையைத் (white balance) தானியங்கியில் விடாதீர்கள். கேமரா நிறத்தைத் தானே 'சரி'செய்துவிடும்.

நானோபடிகப் படலம் மட்டும் தனியே இருந்தால் பப்படம்போல் நொறுங்கும். அதனால் கிளிசரால் சேர்ப்பது வழக்கம், தவறில்லை. கிளிசராலும் நன்றாக ஈரம் உறிஞ்சும் என்பதை மறப்பதுதான் தவறு. கலந்த பிறகு கூடிய உணர்திறனில் எவ்வளவு அதனுடையது என்று அறிய, அளவை மாற்றிமாற்றிப் பார்த்தே ஆக வேண்டும். இன்னொன்று: சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்கிய படிகங்களாலான படலம் தண்ணீரில் போட்டால் மீண்டும் கூழாகக் கலைந்துவிடும். அமில வடிவத்தில் விட்டால் அவ்வளவு எளிதில் கலையாது, ஆனால் சூடாக்கும்போது பழுப்பேறும். இரண்டில் எது என்று பல கட்டுரைகள் சொல்வதே இல்லை.

மின்சாரப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மரத்தின் அழுத்தமின் விளைவை, அதாவது விசை தந்தால் மின்னூட்டம் தோன்றுவதை, ஜப்பானின் ஃபுகாதா 1955இல் வெளியிட்டார். மின்னழுத்தம் தந்தால் அசையும் செல்லுலோஸ் தாளைக் கொரியாவின் இன்ஹா பல்கலைக்கழகத்தில் ஜேவான் கிம் குழு 2006இல் விவரித்தது. இரண்டுமே உண்மையான விளைவுகள். ஆனால் படலத்தை விரலால் தட்டி வோல்ட் கணக்கில் மின்னழுத்தம் வந்ததும் அழுத்தமின் என்று எழுதுவது அவசரம். ஃபுகாதா மரத்தில் கண்டது நறுக்குத் தகைவுக்கு (பக்கவாட்டில் நழுவச்செய்யும் விசைக்கு) வரும் சிறிய விளைவு, அதுவும் இழைகள் ஒரே திசையில் அடுக்கப்பட்டிருக்கும்போது. விரலும் படலமும் தொட்டுப் பிரிவதாலேயே உராய்வு மின்னேற்றம் பெரிய துடிப்பாக வரும். அதே மின்வாய்களுக்கு நடுவே சாதாரண பிளாஸ்டிக் தாளை வைத்து, அதே விசையில் தட்டிப் பாருங்கள். அதுவும் அதே வோல்ட்டைக் காட்டினால் செல்லுலோஸுக்கு அதில் பங்கில்லை.