பாட்டிலை எடுப்பதற்கு முன் மடியைப் பாருங்கள்: ஆட்டுக்குட்டி வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் கருப்பு ஆடு இரட்டைக் குட்டி போடுவது சகஜம், எப்போதாவது மூன்றும் போடும், காம்பு என்னவோ இரண்டுதான். கறிக்காக வளர்க்கிற இனம் என்பதால் பாலும் அப்படியொன்றும் கொட்டாது. அதனால் மூன்றாவது குட்டி கத்த ஆரம்பித்ததுமே வீட்டில் யாராவது ஒருவர் நிப்பிள் பாட்டில் வாங்க மெடிக்கலுக்கு வண்டியை எடுத்துவிடுகிறார். கொஞ்சம் பொறுங்கள். பாட்டில் என்பது இரண்டு மாத வேலை, ராத்திரியும் சேர்த்து. அது தேவையா இல்லையா என்பது பிறகு வருகிற கேள்வி, முதல் நாளைக் கோட்டை விட்டால் அப்புறம் எந்தப் பாட்டிலும் குட்டியைக் காப்பாற்றாது.

முதல் நாள் தவறுகளில் பெரியது சீம்பாலைத் தள்ளிப்போடுவது. "நஞ்சு (நஞ்சுக்கொடி) விழட்டும், அப்புறம் குட்டியை விடலாம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நஞ்சு விழச் சில மணி நேரம் ஆகும், அதுவரை குட்டி வெறும் வயிற்றோடு கிடக்கும். "சீம்பால் குடித்தால் கழியும்" என்று பீய்ச்சிக் கீழே விடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆட்டுக்குட்டி பிறக்கும்போது அதன் ரத்தத்தில் நோய் எதிர்ப்புச் சக்தி கிட்டத்தட்ட இல்லை, தாயின் வயிற்றுக்குள் இருக்கும்போது அது கடந்து வராது, சீம்பால் வழியாகத்தான் வர வேண்டும். அதை உறிஞ்சிக்கொள்கிற திறன் குட்டியின் குடலுக்கு முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக இருக்கும், மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய நின்றே போகும். இரண்டு கிலோ குட்டி என்றால் முதல் நாளில் மொத்தம் 200 மில்லி உள்ளே போக வேண்டும், அதில் பாதி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விட்டால் நல்லது. நாட்டுக்கோழி முட்டை, விளக்கெண்ணெய், பால் கலந்து கொடுக்கிற வைத்தியம் உண்டே, அதில் சத்து கிடைக்கலாம், எதிர்ப்புச் சக்தி கிடைக்காது. தாய் செத்துவிட்டால் அன்றைக்கோ முந்தின நாளோ ஈன்ற வேறு ஆட்டின் சீம்பாலைக் கேட்டு வாங்குங்கள், அதுவும் இல்லையென்றால் மாட்டுச் சீம்பால். அதை அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் திரிந்துவிடும், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும்.

குட்டி காம்பைக் கவ்விக்கொண்டிருக்கிறது என்பதால் பால் போகிறது என்று நம்பிவிடக் கூடாது. காம்பு நுனியில் மெழுகு மாதிரி ஓர் அடைப்பு இருக்கும். ஆடு ஈன்றதும் இரண்டு காம்பிலும் இரண்டிரண்டு பீய்ச்சு பீய்ச்சிப் பாருங்கள், பால் வருகிறதா, ரத்தமோ திரிந்த பால் கட்டியோ கலந்திருக்கிறதா, மடி கல்லாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பால் இல்லை என்று முடிவு கட்டிய பல ஆடுகளில் நடந்தது இந்த அடைப்புதான்.

அடுத்தது குளிர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், மார்கழி தை மாதங்களில் விடியற்காலையில் மூடுபனி கொட்டிலுக்குள்ளேயே வந்து நிற்கும். கீழே சேலத்தில்கூட மழை நாளில் ஈரத்தோடு காற்று பட்டால் குட்டி விறைத்துவிடும். குட்டியைக் கழுவாதீர்கள். தாய் நக்கட்டும், போதாததற்கு உலர்ந்த சாக்கால் துடைத்துவிடுங்கள். வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள், உள்ளே சில்லென்று இருந்தால் அந்தக் குட்டிக்குப் பால் கொடுக்கவே கூடாது. இதைத்தான் நிறைய பேர் தலைகீழாகச் செய்கிறார்கள், பால் உள்ளே போனால் சூடு வந்துவிடும் என்று சங்கில் ஊற்றிப் புகட்டுகிறார்கள். விறைத்த குட்டிக்கு விழுங்கத் தெம்பு இருக்காது, பால் நுரையீரலுக்குப் போய்விடும். முதலில் சூடு, அப்புறம்தான் பால். வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றி இரண்டு பக்கமும் வையுங்கள், அல்லது குண்டு பல்பு போடுங்கள், தலையைத் தூக்கிப் பார்க்கிற அளவுக்குத் தெளிந்ததும் குடிக்க விடுங்கள். தெளியவில்லை என்றால் காத்திருக்காமல் 1962 எண்ணுக்கு அழைத்து கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நெருப்பு மூட்டுவது வேண்டாம், புகை அந்த நுரையீரலுக்கு ஆகாது.

தொப்புள் பற்றி ஒரே வரி: சாம்பல், சாணி, மஞ்சள் எதுவும் பூசாமல் டிங்சர் அயோடினில் நனைத்துவிடுங்கள், பின்னால் மூட்டு வீங்கிப் படுக்கிற குட்டிகளில் பலவற்றுக்குக் கிருமி அந்த வழியாகத்தான் போயிருக்கும்.

இனி பாட்டில் கேள்விக்கு வரலாம். கத்துகிற குட்டியெல்லாம் பசித்த குட்டி இல்லை. வயிற்றைத் தடவிப் பாருங்கள், ஒட்டிப்போய், முதுகைக் கூனிக்கொண்டு நின்றால் பால் பற்றவில்லை. வயிறு நிறைந்து, தாய் பக்கத்தில் சுருண்டு தூங்கினால் அதை விட்டுவிடுங்கள். தலைச்சன் ஆடு குட்டியை உதைக்கிறது என்றால் உடனே பிரிக்க வேண்டாம், ஆட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை குட்டியை ஊட்ட விடுங்கள், சில நாளில் பல ஆடுகள் ஏற்றுக்கொள்ளும். ஒற்றைக் குட்டி போட்ட வேறு ஆடு அதே சமயத்தில் ஈன்றிருந்தால் அதன் பனிக்குட நீரை இந்தக் குட்டிமேல் தேய்த்து விட்டுப் பார்க்கலாம். தாய் இறந்துவிட்டது, மடிநோய், மூன்று குட்டியில் ஒன்று தேறவே இல்லை, இப்படி வேறு வழி இல்லாதபோதுதான் பாட்டில். நாளுக்குச் சராசரியாக அரை லிட்டர் என்று வைத்தால்கூட இரண்டு மாதத்துக்கு முப்பது லிட்டர் பால், உங்கள் ஊர்ப் பால் விலையில் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். மூன்றாவது குட்டிக்கு மட்டும் தாயோடு வைத்துக்கொண்டே மேல்பால் கொடுப்பது என் கணக்கில் எப்போதும் லாபம், தான் ஓர் ஆடு என்பது அந்தக் குட்டிக்கு மறக்காது.

கொடுப்பதென்று முடிவானால் பசும்பாலில் தண்ணீர் சேர்க்காதீர்கள். கைக்குழந்தைக்குக் கொடுத்த பழக்கத்தில் சேர்ப்பார்கள், ஆட்டுப்பால் பசும்பாலைவிட நீர்த்தது இல்லை, தண்ணீர் ஊற்றினால் வயிறு நிறையும், குட்டி வளராது. காய்ச்சி ஆறவைத்து, கை மணிக்கட்டில் விட்டால் இளஞ்சூடு தெரிகிற பதத்தில் கொடுங்கள். இரண்டு கிலோ குட்டிக்கு முதல் வாரம் நாளுக்கு 300 முதல் 400 மில்லி, நாலைந்து தடவையாகப் பிரித்து. ஒரேயடியாக வயிறு முட்டக் கொடுத்தால் மறுநாள் கழிச்சல்தான். மடியில் மல்லாக்கப் போட்டுப் புகட்டுவது பார்க்க அழகு, குட்டிக்கு ஆபத்து. அது நின்றபடி, தாயிடம் ஊட்டுகிற மாதிரி கழுத்தை லேசாக நீட்டிக் குடிக்க வேண்டும், அப்போதுதான் பால் நேராக அது செரிக்கிற நாலாம் வயிற்றுக்குப் போகும். பாட்டிலைக் கவிழ்த்தால் நிப்பிளிலிருந்து சொட்ட வேண்டும், ஒழுகக் கூடாது. ஒவ்வொரு தடவையும் வெந்நீரில் கழுவுங்கள்.

இரண்டாவது வாரத்திலிருந்து அகத்தி, வேலிமசால் போன்ற தீவனச் செடிகளின் கொழுந்தும் நல்ல தண்ணீரும் எதிரில் இருக்கட்டும். பாட்டில் குட்டியை வீட்டுக்குள் வைத்துக் கொஞ்சாமல் மற்ற குட்டிகளோடு விடுங்கள், முக்கியமாகக் கிடாயை. நெற்றியில் கை வைத்துத் தள்ளி விளையாட்டுக் காட்டினால், ஒரு வயதில் கொம்போடு வந்து முட்டும், அதற்கு அது இன்னும் விளையாட்டுதான்.