ஆசுபத்திரிக் கவனிப்பில் சந்தேகம் வந்தால்

மட்டக்களப்பில் பெரியம்மா வாட்டில் கிடந்தபோது நாங்கள் கைக்கொண்ட வழி இது. முதலில் ஒரு சிஆர் கொப்பி (தடித்த மட்டை போட்ட கொப்பி) வாங்குங்கள். துணைக்கு நிற்பவர் மாறினாலும் கொப்பி கட்டிலடியிலேயே இருக்கட்டும். "இரவு 2.10, மூச்சு வாங்குது, நேர்ஸிடம் சொன்னோம், 3 மணிக்கு டொக்டர் வந்தார்" என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். "கவனிக்கவே இல்லை" என்று எழுதினால் பிறகு ஒன்றுக்கும் உதவாது.

காலையில் பெரிய டொக்டர் வரும்போது நேரடியாகக் கேளுங்கள்: இந்த மருந்து குணப்படுத்தவா, நோவைக் குறைக்கவா? சேலைனை ஏன் நிறுத்தினீர்கள்? உயிர் பிரியும் கட்டத்தில் சேலைனைக் குறைப்பது பல வேளைகளில் சரியான வைத்தியம்தான். எங்களுக்கு அதை ஒருவரும் விளக்கவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

பதில் திருப்தியில்லையா? பணிப்பாளருக்கு எழுத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பதிவுகள் வேண்டுமென்றால், நோயாளியின் எழுத்துமூலச் சம்மதத்தோடு 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வைத்தியரின் நடத்தை பற்றிய முறைப்பாடு இலங்கை மருத்துவச் சபைக்குப் போகும்.

உயிர் பிரிந்த பிறகும் சந்தேகம் இருந்தால், உடலைப் பொறுப்பெடுக்க முன்னமே மரண விசாரணை கேளுங்கள். அடக்கம் முடிந்தபின் பிரேதப் பரிசோதனைக்கு நீதிமன்றம்தான் போக வேண்டும்.