கிழிசல் மாறிக்கொண்டே இருந்தால் ரெஸ்ட் திருகைத் தொடாதீர்கள்

இரண்டு வார இறுதிகளை ஆரோ ரெஸ்டின், அதாவது வில்லில் அம்பைத் தாங்கும் பாகத்தின், திருகுகளோடு வீணடித்திருக்கிறேன். வில்லைச் சரிபார்க்க, விறைப்பாகக் கட்டிய காகிதத்தின் ஊடே எய்து கிழிசலைப் பார்ப்பேன். காலையில் அந்தக் காகிதத்தில் சுத்தமான துளை விழும்: நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் மூன்று இறகுக் கீறல். மாலைக்குள் அம்பின் வால் மேல்நோக்கி இரண்டு விரற்கடை கிழித்திருக்கும். ரெஸ்டை உயர்த்துவேன், சரியாகும். மறுநாள் மாலை பழைய குருடி கதவைத் திறடி. கை நடுங்குகிறது, பிடி சரியில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். குற்றவாளி ஒரு சின்னக் கவ்வி.

என்னிடம் இருப்பது காம்பவுண்ட் வில், முனைகளில் கேம் எனும் சக்கரங்களும் அவற்றோடு இணைந்த கேபிள்களும் கொண்டது. அதில் கேபிளோடு கயிறு கட்டிய ட்ராப்-அவே ரெஸ்ட், அதாவது அம்பு புறப்பட்டதும் கீழே விழுந்து இறகுக்கு வழிவிடும் வகை. கேம்கள் ஒத்திசைவாகச் சுழல்கின்றன, அம்பின் விறைப்பு வில்லின் இழுவிசைக்குப் பொருந்துகிறது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

1. தொடக்க நிலை. ரெஸ்ட் உயர்ந்த நிலையில் அம்பு ரைசரின் (வில்லின் நடுவிலுள்ள பிடிச்சட்டம்) பெர்கர் துளையை (ரெஸ்டைப் பொருத்தும் திருகுத் துளை) ஒட்டிப் போக வேண்டும், நாணுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். பக்கவாட்டில், ரைசரிலிருந்து அம்பின் மையம் வரை பல வில்களுக்கு 13/16 அங்குலம், ஏறத்தாழ 20.6 மில்லிமீட்டர். உங்கள் வில்லின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே சரி.

ஆலன் சாவியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அமெரிக்க வில்களின் திருகுகள் பெரும்பாலும் அங்குல அளவு. மில்லிமீட்டர் சாவி உள்ளே போவது போலத்தான் இருக்கும், பிறகு தலையை உருட்டிவிடும். என் ரெஸ்டில் ஒரு திருகு அப்படிப் போனதுதான்.

2. கயிற்றைப் பாருங்கள். நான் கடைசியாகச் செய்தது இது, நீங்கள் முதலில் செய்யுங்கள். அம்பைப் பூட்டி, இலக்கை நோக்கியே இழுங்கள். அம்பில்லாமல் நாணை விட்டுவிட்டால் லிம்பும் (வில்லின் வளையும் கை) கேமும் உடையலாம். நண்பர் பக்கவாட்டில், உங்களுக்குச் சற்றுப் பின்னால் நின்று ரெஸ்டைக் கவனிக்கட்டும். இழுவையின் கடைசி ஓரிரு அங்குலத்தில் அது முழு உயரத்துக்கு வந்து நிற்க வேண்டும். வெகு முன்பே எழுந்துவிட்டால் கயிறு குட்டை. அம்பு போகும்போது ரெஸ்ட் தாமதமாக விழுந்து இறகைத் தட்டும். முழு இழுவையிலும் அது முழுமையாக எழவில்லை என்றால் கயிறு நெகிழ்ந்திருக்கிறது.

எனக்கு நடந்தது இரண்டாவது. கயிற்றைக் கேபிளில் பிடித்திருக்கும் சின்னக் கவ்வி, ஒவ்வோர் இழுவைக்கும் மயிரிழை அளவு மேலே வழுக்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கவ்வியின் மேல்விளிம்பை ஒட்டிக் கேபிளில் வெள்ளைத் திருத்தப் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு முப்பது அம்புகள் எய்தேன். கோட்டைக் காணோம், கவ்வி அதை விழுங்கிவிட்டது. கவ்வியைப் பழைய இடத்துக்கு இறக்கி, அதற்கு மேலும் கீழும் நாணைச் சுற்றிக் கட்டும் சர்விங் நூலால் இறுக்கமாகச் சுற்றி முடிச்சுப் போட்டேன். மேல் முடிச்சுதான் முக்கியம், கவ்வி ஓடப் பார்ப்பது அந்தப் பக்கம். வில் பிரஸ் (வில்லை அழுத்தி நாணையும் கேபிளையும் தளர்த்தும் கருவி) இருக்கும் கடைக்குப் போக முடிந்தால், கேபிளின் இழைகளைப் பிரித்துக் கயிற்றை ஊடே நுழைத்துக் கட்டித் தரச் சொல்லுங்கள். எனக்குப் பிடித்தது அதுதான்.

3. இறகு உரசுகிறதா? இறகின் விளிம்பில் உதட்டுச்சாயம் தடவி ஓர் அம்பு எய்யுங்கள். ரெஸ்டிலோ கேபிளிலோ சாயம் ஒட்டியிருந்தால் உரசல் உண்டு. அம்பின் வாலில் நாண் பொருந்தும் பிளவுத் துண்டைக் (நாக்) கொஞ்சம் திருப்பி இறகின் கோணத்தை மாற்றிப் பாருங்கள். உரசல் இருக்கும்வரை காகிதம் சொல்வதை நம்பாதீர்கள்.

4. இப்போது காகிதம். ஆறடி தள்ளி நின்று எய்யுங்கள். ஒரே மாதிரிக் கிழிசல் மூன்று முறை வந்தால் மட்டும் திருகைத் தொடுங்கள். வால் மேலே கிழித்தால் ரெஸ்டைக் கொஞ்சம் உயர்த்துங்கள், கீழே என்றால் தாழ்த்துங்கள். ஒவ்வொரு முறையும் 1/32 அங்குலம் போதும். இடவலக் கிழிசலுக்கு ரெஸ்டை எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதில் ஆளுக்கொரு விதி சொல்வார்கள். ஒரு பக்கம் நகர்த்திப் பாருங்கள், கிழிசல் சிறுத்தால் அதே பக்கம் தொடருங்கள். அதற்கு முன்பு பிடியைத் தளர்த்துங்கள். வில்லை இறுக்கிப் பிடித்து முறுக்கினாலும் இதே கிழிசல் வரும்.

முடிந்ததும் ரெஸ்டின் திருகுகளுக்கு நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், பிறகு சூடாக்காமல் கழற்ற முடியாது.

பின்சேர்க்கை: லிம்பில் கயிறு கட்டிய ரெஸ்ட் வைத்திருக்கும் ஒருவர், கவ்வி வழுக்கியும் தனக்கு வால் மேலே கிழிக்கவில்லையே என்று கேட்டார். அந்த வகையில் கணக்கு தலைகீழ். அங்கே ரெஸ்டை எழுப்புவது சுருள்வில். கயிறு அதைக் கீழே இழுத்துப் பிடிக்கிறது. கயிறு நெகிழ்ந்தால் ரெஸ்ட் முழுமையாக விழாது, இறகு அதில் மோதும். ஆகவே நாணை இழுக்காமல், வில் சும்மா இருக்கும்போதே பாருங்கள்: ரெஸ்ட் அடிவரை படுத்திருக்க வேண்டும்.