கொழும்பில காணி வாங்க முதல்

புறோக்கர் காட்டுற போட்டோவைப் பாத்து அட்வான்ஸ் குடுத்திடாதேங்கோ. முதல்ல உறுதியிட (காணிப் பத்திரத்திட) கொப்பி, சேர்வே பிளான் ரெண்டையும் கேளுங்கோ. தரத் தயங்கினா அந்தக் காணியை விட்டிடுங்கோ.

உறுதியை உங்களுக்குத் தெரிஞ்ச நொத்தாரிசிட்ட (உறுதி எழுதுற சட்டத்தரணியிட்ட) குடுங்கோ, விக்கிறவர் கூட்டிக்கொண்டு வாற ஆளிட்ட இல்லை. உங்கட நொத்தாரிசு காணிப் பதிவகத்தில ஆகக் குறைஞ்சது 30 வருஷத்துக்குத் தேடிப் பாக்கோணும், ஈடு (அடமானம்) கிடக்கா, வழக்கு இருக்கா, பங்குக்காரர் ஆராவது வெளிநாட்டில கையெழுத்துப் போடாம இருக்கினமா எண்டு. எங்கட ஆக்களிட காணியில இந்தக் கடைசிப் பிரச்சினைதான் கூட. இந்தத் தேடலுக்குப் போற காசில மட்டும் கஞ்சத்தனம் பாக்காதேங்கோ.

பிறகு சேர்வேயரைக் கூட்டிக்கொண்டு போய் எல்லைக்கல்லைக் காட்டச் சொல்லுங்கோ. ஒரு பேர்ச் எண்டா கிட்டத்தட்ட 272 சதுர அடி, மதில் ரெண்டடி உள்ளுக்க வந்திருந்தா எவ்வளவு காசு போகுதெண்டு கணக்குப் பாருங்கோ.

களனி கங்கைப் பக்கம், கொலன்னாவ, கடுவெல எண்டா பக்கத்து வீட்டு மதிலைப் பாருங்கோ, இடுப்பளவில பழுப்புக் கோடு கிடந்தா அது 2016 மே மாச வெள்ளம் மாதிரி ஒண்டு வந்து போன அடையாளம். புதுசா பெயின்ட் அடிச்சிருந்தா முன்கடையில பிளேன்டீ குடிச்சுக்கொண்டே கேளுங்கோ, சொல்லுவினம்.

மாநகரசபையில, இல்லாட்டி அந்தந்தப் பிரதேச சபையில, ஸ்ட்ரீட் லைன் சேர்ட்டிபிக்கட் எடுங்கோ, ரோட்டை அகலிச்சா காணியில எவ்வளவு போகுமெண்டு அதில தெரியும். சபைக்குக் கட்டுற சொத்து வரியான சோலைவரி ரசீதையும் வாங்கிப் பாருங்கோ, பாக்கி கிடந்தா விக்கிறவரே கட்டட்டும்.