செட்டிநாட்டில் விவசாய மானியம்: எந்தத் தாள், எந்த ஆபீஸ்?

மானியம் கேட்டுப் போகிறவர்களில் பலர் வெறுங்கையோடு திரும்புவது பட்டாவால்தான். நம் பக்கத்தில் நிலம் இன்னும் பாட்டனார் பெயரிலேயே கிடக்கும். பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். அதனால் திட்டத்தைத் தேடுவதற்கு முன் ஆன்லைனில் சிட்டாவை (நிலம் யார் பெயரில் என்று காட்டும் வருவாய்ப் பதிவு) எடுத்து, பெயர் ஆதாரோடும் சர்வே எண் பத்திரத்தோடும் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பதிவான பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு இ-சேவையில் பட்டா மாறுதலுக்குப் போடுங்கள். உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், நாளாகும்.

அடுத்த குழப்பம், தாலுகாவும் வட்டாரமும் ஒன்றென்று நினைப்பது. சிறு, குறு விவசாயி சான்று கொடுப்பவர் தாசில்தார்; காரைக்குடிக்காரர் காரைக்குடி தாலுகா ஆபீஸைப் பார்க்க வேண்டும். விதையும் மானியமும் வருவது வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில். அது சாக்கோட்டையோ கல்லலோ, ஊரைப் பொறுத்தது. கோனாபட்டுப் பக்கம் நிலம் என்றால் மாவட்டமே சிவகங்கை இல்லை, புதுக்கோட்டை.

துறையும் பயிரைப் பார்த்து மாறும். நிலக்கடலைக்குத் தெளிப்பு நீர் என்றால் வேளாண்மைத் துறை, கொய்யாவுக்குச் சொட்டு நீர் என்றால் தோட்டக்கலை. இந்தப் பாசனக் கருவிகளுக்கு 5 ஏக்கருக்குள் உள்ள சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. இரண்டுமே அரசு வைத்த விலை வரம்புக்குள்தான். பண்ணைக்குட்டை, சோலார் பம்புசெட், வாடகை டிராக்டர் எல்லாம் வேளாண்மைப் பொறியியல் துறை. அரசின் உழவன் செயலியில் முன்பதிவு செய்துவிட்டுப் போனால் பேச்சு குறையும்.

பலர் கேட்காமல் விடுவது கண்மாய் வண்டல். ஈரம் நிற்காத நம் செம்மண்ணுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது, அதுவும் இலவசம். தாசில்தார் அனுமதியில் நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் வரை எடுக்கலாம். 100 கன அடியை ஒரு யூனிட் என்று வைத்தால் 75 கன மீட்டர் என்பது சுமார் 26 யூனிட். வண்டி வாடகையை இந்தக் கணக்கில் பேசுங்கள், மண்ணை விட வாடகைதான் கையைக் கடிக்கும். எல்லாக் கண்மாயிலும் அள்ள முடியாது, மாவட்ட அரசிதழில் அறிவித்த கண்மாயில் மட்டுமே. விண்ணப்பத்தைக் கோடையிலேயே போடுங்கள். தண்ணீர் வந்துவிட்டால் வண்டி இறங்காது. மேலே உள்ள கறுத்த வண்டலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கடியில் வரும் சரளையை வயலில் கொட்டினால் பயிருக்குப் பயனில்லை, அனுமதியும் அதற்குக் கிடையாது.

சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீட்டுக் கட்டணம் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. ரசீதில் வருவாய்க் கிராமமும் சர்வே எண்ணும் அடங்கலில் (கிராமத்தின் பயிர்ப் பதிவேடு) உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். கிராமம் மாறிப் பதிந்தால் இழப்பீடும் மாறிப்போகும்.

எந்தப் பயிர் தாங்கும் என்ற சந்தேகத்துக்குக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையமும், செட்டிநாடு மானாவாரி ஆராய்ச்சி நிலையமும் பக்கத்திலேயே இருக்கின்றன. விண்ணப்பம் நகராமல் கிடந்தால் கலெக்டர் ஆபீஸில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். மனுவில் பழைய விண்ணப்ப எண்ணையும் தேதியையும் எழுதி, ரசீது நகலை இணைத்துவிடுங்கள்.