கூடத்து செட்டாப் பாக்ஸைப் படுக்கையறையிலிருந்து இயக்க: ரேடியோ ரிமோட் நீட்டிப்பானைப் பொருத்தும் முறை

கூடத்தில் இருக்கும் ஒரே செட்டாப் பாக்ஸிலிருந்து, படத்தை இரண்டு தொலைக்காட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டர் வைத்து, நீளமான எச்டிஎம்ஐ கேபிளை இழுத்துப் படுக்கையறைத் தொலைக்காட்சிக்கும் இணைப்புக் கொடுத்துவிடுகிறோம். படம் வந்துவிடுகிறது, சேனல் மாற்றத்தான் ஒவ்வொரு முறையும் எழுந்து கூடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இதைச் சிறிய தொல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. ரிமோட்டின் சைகையை ரேடியோ அலையாக மாற்றிச் சுவரைத் தாண்டச் செய்யும் நீட்டிப்பான், அதாவது ரிமோட் எக்ஸ்டெண்டர், இதற்கு நல்ல தீர்வு.

ரிமோட்டின் முனையிலுள்ள எல்இடி, ஏறத்தாழ 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் நொடிக்கு 38,000 முறை துடிக்கும்படி அனுப்புகிறது. ஒளியாக இருப்பதால் அது சுவரோடு நின்றுவிடும். நீட்டிப்பானில் இரண்டு பெட்டிகள் உண்டு. படுக்கையறையில் வைக்கும் அனுப்புப் பெட்டி ரிமோட்டின் ஒளியை வாங்கி, பல கருவிகளில் 433.92 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ரேடியோ சைகையாக அனுப்பும். கூடத்திலுள்ள ஏற்புப் பெட்டி அதைப் பிடித்து, மறுபடியும் அகச்சிவப்பு ஒளியாக்கிச் செட்டாப் பாக்ஸின்மேல் பாய்ச்சும். நடுவழிதான் ரேடியோ; இரண்டு முனைகளிலும் ஒளியே. கருவி வேலை செய்யாதபோது பலரும் ரேடியோவைக் குறை சொல்கிறார்கள். நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் ஒளி முனைகளில்தான் இருக்கிறது.

வாங்குவதற்கு முன் உங்கள் ரிமோட் அகச்சிவப்பு வகைதானா என்று பாருங்கள். கைப்பேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேராக ரிமோட்டைப் பிடித்துப் பொத்தானை அழுத்தினால், வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒளி பல கைப்பேசிகளின் திரையில் வெளிர் ஊதாவாக மினுங்கும். புளூடூத்தில் இயங்கும் ரிமோட்டுக்கு இந்தக் கருவி பயன்படாது.

ஏற்புப் பெட்டியிலிருந்து தொடங்குவது நல்லது. அதோடு வரும் மெல்லிய கம்பியின் நுனியிலுள்ள சிறிய எல்இடியைச் செட்டாப் பாக்ஸின் சென்சாருக்கு நேர் எதிரே ஒட்ட வேண்டும். அந்தச் சென்சார் பளபளப்பான கறுப்பு முகப்புக்குப் பின்னே ஒளிந்திருக்கும். டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், பட்டாணி அளவில் சற்றுப் புடைத்த கறும்புள்ளி ஒன்று உள்ளே தென்படும். அதன்மேல் எல்இடியை வைத்து, முதலில் செல்லோடேப்பால் தற்காலிகமாக ஒட்டி, ரிமோட்டை அழுத்திச் சோதித்த பிறகே நிரந்தரமாக ஒட்டுங்கள். ஒரு விரல் அகலம் விலகினாலும் சைகை போய்ச் சேராமல் போகலாம்.

அனுப்புப் பெட்டியைக் கட்டிலிலிருந்து நேராகக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். ஜன்னல் வெயில் நேரே விழும் இடமும், சிஎஃப்எல் விளக்கின் அருகும் ஆகாது. அவற்றின் ஒளியிலும் அகச்சிவப்பு கலந்திருப்பதால் சென்சார் தடுமாறும். எங்கள் வீட்டில் பொத்தானை யாரும் தொடாதபோதே பெட்டியின் சிவப்பு விளக்கு படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. மேலே இருந்த விளக்கை அணைத்ததும் துடிப்பு நின்றது. பெட்டியை இரண்டடி தள்ளி வைத்த பிறகு அந்தத் தொல்லை வரவில்லை.

நடுவழியான ரேடியோவில் கவனிக்க வேண்டியவை குறைவு. 433.92 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 69 சென்டிமீட்டர். ஆன்டெனாவை இழுத்து நீட்டும் வகையானால் முழுவதும் நீட்டி, இரண்டு பெட்டிகளிலும் ஒரே திசையில் நிறுத்துங்கள். செங்கல் சுவரை இந்த அலை எளிதாகக் கடக்கும். இரும்பு பீரோ, குளிர்சாதனப்பெட்டி, நிலைக்கண்ணாடி ஆகியவை மறிக்கும். பீரோவின் பின்னால் வைத்துவிட்டுத் தூரம் எட்டவில்லை என்று கருவியைத் திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் தூரம் திறந்தவெளிக் கணக்கு. கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு அனுப்பும்போது அதை நம்ப வேண்டாம். இரண்டு பெட்டிகளின் அடாப்டர்களும் பார்க்க ஒன்றுபோலவே இருந்தாலும் வோல்ட் வேறுபடலாம் என்பதால், மாற்றிச் செருகாமல் எண்ணைப் படித்துச் செருகுங்கள்.

சொந்தமாகச் செய்து பார்க்க விரும்புவோர், அகச்சிவப்பு ஏற்பியையும் 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அனுப்பி, ஏற்பித் தொகுதிகளையும் வாங்கி இணைக்கலாம். வழக்கமான அகச்சிவப்பு ஏற்பியின் வெளியீடு சைகை இல்லாதபோது உயர் மின்னழுத்த நிலையிலேயே நிற்கும். அதை அப்படியே அனுப்பியில் கொடுத்தால் அது ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். ஆகவே இடையில் ஒரு டிரான்சிஸ்டர் வைத்துத் தலைகீழாக்க வேண்டும். மறுமுனையில், ரேடியோ ஏற்பி தரும் சைகையைக் கொண்டு 38 கிலோஹெர்ட்ஸ் அலையியற்றியை, அதாவது நொடிக்கு 38,000 துடிப்புகளை உண்டாக்கும் சுற்றை, இயக்கி நிறுத்தி, அதன்வழி எல்இடியை ஒளிரச் செய்ய வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள், இரண்டு பெட்டிகளும் ஒன்றையொன்று அடையாளம் காணும் குறியீட்டை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள சோடியாகப் பார்த்து வாங்குங்கள். கம்பியில்லா அழைப்புமணிகளும் கார்ச் சாவிகளும் இதே அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. பக்கத்து வீட்டிலும் இதே நீட்டிப்பான் இருந்தால், நீங்கள் அழுத்தும் பொத்தான் அவர்களுடைய செட்டாப் பாக்ஸிலும் சேனலை மாற்றிவிடக்கூடும்.